ஒன்றரைச் சமையல்காரர்

இந்த மாதிரிக் கட்டுரைகளைப் பெருமைக்காக எழுதவில்லை என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. பெருமைக்காகத்தான் எழுதுகிறேன். தமிழ்ப் பள்ளியில் நாலாவது வரைக்கும் படித்தவன், சிங்கப்பூர் கிராஞ்சியில் இருக்கிற நம் சமையற்கூடத்துக்குள் பொட்டலம் கட்டுகிறவனாக நுழைந்து, லாரி ஓட்டி, லாரிகளுக்கெல்லாம் பொறுப்பாளனாகி, கடைசியில் ஏர்கான் அறையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து ஆர் என்கிற நிரல்மொழியில் படம் போட்டுவிட்டு ஓய்வு பெற்றிருக்கிறேன். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை என்று உங்களில் யாராவது நினைத்தால், கேலாங்கில் என் வீட்டுக்கு வரலாம். தே தண்ணீர் போட்டுக் கொடுத்து மறுபடியும் முதலிலிருந்து சொல்கிறேன்.

எழுதச் சொன்னது ஜமீலா மேடம். நம் முதலாளி. திட்டப் பிரிவுக்குப் புதிதாக ஆட்கள் வந்திருக்கிறார்கள், எல்லாரும் பட்டதாரிகள், எல்லாருக்கும் கணினி தெரியும், ஆனால் எதை எதோடு பிரித்துப் பார்ப்பது என்பதில் தடுமாறுகிறார்கள் என்றார். "அங்கிள், உங்க சொந்தக் கதையை விட்டுட்டு வேலைக்கு ஆகிற மாதிரி எழுதுங்க" என்றும் சொன்னார். என் சொந்தக் கதையே வேலைக் கதைதான் என்பதால் அந்தக் கட்டளையை என்னால் நிறைவேற்ற முடியவில்லை.

நீங்கள் புதியவர்கள் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாம் சமைப்பது கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்கிற வெளிநாட்டுத் தம்பிகளுக்கு. அவர்கள் விடுதியிலிருந்து லாரி ஏறும்போது இன்னும் விடிந்திருக்காது. காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாகவே கையில் கொடுத்துவிடுகிறோம். மதியப் பொட்டலத்தை அவன் பிரிப்பது உச்சி வெயிலில், ஏதோ ஒரு பாதிக் கட்டடத்தின் நிழலில். அதற்குள் சோறு கெட்டுப்போயிருந்தால் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இல்லை. பக்கத்தில் கடை இருக்காது, இருந்தாலும் போக நேரம் இருக்காது. நீங்கள் திரையில் பார்க்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் வெறும் வயிற்றோடு மண்வெட்டி பிடிக்கிற ஒருத்தன் இருக்கிறான். இதைச் சொல்லாமல் நான் யாருக்கும் படம் போடச் சொல்லிக்கொடுத்ததில்லை.

நான் ஆர் படித்த கதை சின்னது. வேலை செய்கிறவர்களுக்கான மாலை வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். வகுப்பில் என் பேரன் வயதில் பாதிப் பேர். மீதிப் பேர் என் மகள் வயது. வாத்தியார் ஒரு சீனப் பெண், கண்ணாடி போட்டவர், சிரிக்கவே மாட்டார். என் ஆங்கிலம் மார்க்கெட் ஆங்கிலம். மீன் வாங்கலாம், சண்டை போடலாம், அவ்வளவுதான். முதல் நாள் எல்லாரும் பட்டை வரைபடம் போட்டார்கள், நானும் போட்டேன். நேராக, நிறம் நிறமாக, பார்க்க அழகாக இருந்தது. அவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் சொன்னது ஆங்கிலம், என் காதில் விழுந்தது தமிழ்: பட்டை அப்புறம் அங்கிள், முதலில் புள்ளிகளைப் பாருங்கள்.

அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. இப்போது உங்களுக்கு என் பாஷையில் சொல்கிறேன். பட்டை என்பது எல்லாருக்காகவும் மேஸ்திரி பேசுவது. புள்ளி என்பது ஒவ்வொரு ஆளும் தன் வாயால் பேசுவது. மேஸ்திரி பொய் சொல்கிறான் என்று அர்த்தமில்லை. ஆனால் அவன் சொல்வதைக் கேட்டு மட்டும் ஒருத்தனை வேலையை விட்டு அனுப்பக் கூடாது.

அனுப்பப் பார்த்தார்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

வகுப்பு முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். எதைப் பார்த்தாலும் படம் போட வேண்டும் என்று என் கை துறுதுறுத்துக்கொண்டிருந்த நேரம். மதியச் சாப்பாடு புளித்துப் போகிறது என்று விடுதிகளிலிருந்து புகார் வர ஆரம்பித்தது. ஒன்றிரண்டு எப்போதும் வரும், இது அப்படி இல்லை. விடுதிகளின் ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார். யாரால் இது நடக்கிறது என்று தெரிய வேண்டும், இல்லாவிட்டால் வேறு சமையற்கூடம் பார்த்துக்கொள்கிறோம் என்றார். கோபமாகப் பேசவில்லை. கோபப்படுகிறவரைச் சமாளித்துவிடலாம். மெதுவாகப் பேசுகிறவரிடம்தான் கஷ்டம்.

நான் எழுந்து, என்னிடம் படம் இருக்கிறது என்றேன்.

நம் பொட்டலத்தில் ஒட்டுகிற ஸ்டிக்கரில் சமையல்காரரின் எண்ணும் கட்டிய நேரமும் இருக்கும். அதனால் ஒரே உலையில் சமைத்துக் கட்டிய ஒவ்வொரு பேட்ச்சுக்கும், யார் சமைத்தது, என்ன சமைத்தது, எப்போது கட்டியது, நூற்றுக்கு எத்தனை பொட்டலம் வீணானது என்று எல்லாம் கணினியில் இருந்தது. சமையல்காரர்வாரியாகப் பட்டை போட்டு வைத்திருந்தேன். பெரிய திரையில் போட்டுக் காட்டினேன். மூன்று சமையல்காரர்கள், மூன்று பட்டைகள். முதல் பட்டை அடர் நீலம், அடுத்தது கொஞ்சம் வெளுத்த நீலம், மூன்றாவது வானம் மாதிரி. ஓரத்தில் எந்த நிறம் யாருக்கு என்ற குறிப்பு: ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை, மூன்று.

ஜமீலா மேடம் அதை உற்றுப் பார்த்தார். "அங்கிள், அந்த ஒன்றரைச் சமையல்காரர் யாரு? அவருக்கும் நான்தான் சம்பளம் கொடுக்கிறேனா?"

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காதவர் அந்த அதிகாரி ஒருத்தர்தான். அவர் அடர் நீலப் பட்டையை விரலால் காட்டி, ஒன்றாம் எண் இவ்வளவு கறுப்பாக இருக்கிறதே, நிலைமை மோசம்போல என்றார்.

ஆரம்பத்தில் எல்லாருக்கும் நடக்கிற தவறு இது, உங்களுக்கும் நடக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று கொடுத்தால் ஆர் அதை அளவு என்று எடுத்துக்கொள்ளும். அதற்கு நம் சமையல்காரர்களைத் தெரியுமா என்ன? அளவு என்றால் நடுவில் ஒன்றரையும் உண்டு, நிறமும் ஒரே நீலத்தில் அடர்த்தியிலிருந்து வெளிர் வரைக்கும் ஓடும். சின்ன எண்ணுக்கு அடர்த்தி, பெரிய எண்ணுக்கு வெளிர். ஒன்றாம் எண் கறுத்துத் தெரிந்தது அது ஒன்றாம் எண் என்பதால்தான், வேறு காரணமே இல்லை. இது எண் இல்லையப்பா, ஆளின் அடையாளம் என்று ஆருக்குச் சொல்ல வேண்டும். அதற்கு ஃபேக்டர் என்று ஒரு சொல் இருக்கிறது. அந்த ஒரு சொல்லைச் சேர்த்து, எண்களுக்குப் பதில் பெயர்களை வைத்து, அவர்கள் காபியைக் குடித்து முடிப்பதற்குள் அங்கேயே திருத்திக் காட்டினேன். பட்டதாரிகள் இருந்த அறையில் செய்தேன். இதை என் மனைவியிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

ஆனால் திருத்திய படத்தில் நிறம்தான் மாறியது. உயரம் மாறவில்லை. முதல் பட்டைதான் அப்போதும் மற்ற இரண்டையும் விட உயரமாக நின்றது. அதுவரை அது ஒன்றாம் எண். இப்போது அதன் கீழே செல்வராசு என்று பெயர் இருந்தது. அதிகாரி தன் போனை எடுத்து அந்தப் பெயரை அடித்துக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறேன், அதற்குள் முடிவு தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

செல்வராசுவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பட்டுக்கோட்டைப் பக்கம். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது இங்கே வந்தவன், இந்தப் புகார் வந்த சமயம் அந்தப் பெண் நர்சிங் கடைசி வருடத்தில் இருந்தாள். அவள் படிப்பு முடிகிற வரைக்கும் இங்கே இருந்துவிட வேண்டும், அதற்குமேல் ஒன்றும் வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பான். மூத்த சமையல்காரன் என்பதால் எண் ஒன்று. அவனுடைய வேலை பெர்மிட் அந்த மாதக் கடைசியில் புதுப்பிக்க வேண்டியது. மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒப்பந்தம் போனால் எல்லாருக்கும்தான் வேலை போகும், வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்த்துவிட்டு வேறு வழி இல்லையென்றால் அவருடைய பெர்மிட்டைப் புதுப்பிக்க முடியாது அங்கிள் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டுக்குப் போனேன். மீன் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், பயணப் பெட்டி விற்கிற கடை வாசலில் செல்வராசு நிற்கிறான். பெரிய சிவப்புப் பெட்டி ஒன்றின் ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"என்னடா, ஊருக்கா?" என்றேன். கேட்டதுமே அந்த வாயை அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

அவன் திரும்பிப் பார்த்தான். "நீங்கதானே அண்ணே படம் போட்டு அனுப்பி வைக்கிறீங்க. வெறுங்கையோட போகச் சொல்றீங்களா?"

அவனைப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்து இரண்டு தே சொன்னேன். அவன் நிதானமாகத்தான் பேசினான். தன் குழம்பு எப்படிப் புளிக்கும் என்று அவனுக்கே புரியவில்லை. உப்பு, புளி, தேங்காய் எதிலும் கை மாறவில்லை. ராத்திரி சமைத்ததும் ருசி பார்க்கிறான், நன்றாகத்தான் இருக்கிறது. மதியம் அது என்ன ஆகிறது என்று அவன் பார்த்ததே இல்லை. கணினியே சொன்ன பிறகு நான் என்ன அண்ணே சொல்றது என்றான்.

அது எனக்குச் சுருக்கென்று பட்டது. கணினி எதையும் சொல்லவில்லை. சமையல்காரர்வாரியாகப் பிரி என்று நான் சொன்னேன், அது பிரித்தது. தம்பிகளா, தங்கச்சிகளா, இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வகையாகப் பிரிக்கிறோமோ அந்த வகையில்தான் குற்றவாளி அகப்படுவான். சமையல்காரர்வாரியாகப் பிரித்தால் ஒரு சமையல்காரர் அகப்படுவார். லாரிவாரியாகப் பிரித்தால் டிரைவர் அகப்படுவான். ஏதாவது ஒரு பட்டை எப்போதும் மற்றதைவிட உயரமாகத்தான் இருக்கும்.

"பெட்டி வாங்காதே. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு" என்றேன்.

"இன்னிக்கு ஆஃபர் அண்ணே, நாளைக்கு இருக்காது லா" என்று சொல்லிவிட்டுப் போய் வாங்கினான்.

திங்கட்கிழமை அந்த வாத்தியார் சொன்னதைச் செய்தேன். பட்டைகளை எடுத்துவிட்டுப் புள்ளிகளைப் போட்டேன். ஒவ்வொரு பேட்ச்சும் ஒரு புள்ளி. மூன்று சமையல்காரர்களுக்கும் மூன்று வரிசை. மேலே இருந்தால் அதிகம் வீணாகியிருக்கிறது, கீழே இருந்தால் நல்ல பேட்ச். புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் கொஞ்சம் சிதறிப் போட ஒரு வழி இருக்கிறது, அதையும் செய்தேன்.

செல்வராசுவின் வரிசையைப் பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நடுவில் புள்ளியே இல்லை. மேலே ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம். கெட்ட சமையல்காரன் என்றால் புள்ளிகள் எல்லா இடத்திலும் விரவிக் கிடக்க வேண்டும். இது இரண்டு செல்வராசு மாதிரி இருந்தது. மற்ற இரண்டு பேருடைய வரிசையிலும் புள்ளிகள் கீழேதான், ஆனால் இரண்டு பேருக்கும் உச்சியில் சில புள்ளிகள் தனியாக நின்றன. பட்டை இதையெல்லாம் விழுங்கிவிட்டு சராசரி என்ற பெயரில் ஏப்பம் விட்டிருக்கிறது.

உச்சியில் நின்ற அந்தத் தனிப் புள்ளிகள் எந்த நாட்கள் என்று பார்த்தேன். எல்லாம் செல்வராசு விடுப்பு எடுத்த நாட்கள். அவன் இல்லாத நாட்களில் அவனுடைய வேலையை மற்றவர்கள் செய்தார்கள். அவனுடைய வேலை என்ன? சைவம். மூத்தவன் என்பதால் சைவச் சமையல் அவன் பொறுப்பு. அதை முடித்துவிட்டுத்தான் கோழிக்கோ மீனுக்கோ கை கொடுப்பான்.

படத்தை இரண்டு கட்டமாகப் பிரித்தேன். இடது கட்டம் சைவம், வலது கட்டம் அசைவம். ஒரே அளவுகோல், பக்கத்தில் பக்கத்தில். உங்களுக்கு நூறு விதமான படம் தெரிந்திருக்கலாம், ஆனால் இந்தக் கட்டம் பிரிக்கிற வித்தைக்கு நிகராக நான் ஒன்றையும் பார்த்ததில்லை. அசைவக் கட்டத்தில் மூன்று பேரும் கீழே, யார் யாரென்று நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். சைவக் கட்டத்தில் யார் சமைத்தாலும் பெரும்பாலும் மேலே. செல்வராசு மற்றவர்களை விட மோசமில்லை. மோசமான கட்டத்தில் அதிக நாள் நின்றவன், அவ்வளவுதான்.

மேடத்திடம் ஓடினேன். இந்த வயதில் ஓடினேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், வேகமாக நடந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அப்படியானால் சைவக் குழம்பில்தான் ஏதோ கோளாறு, அதற்குச் செய்முறை போட்டு வைத்திருக்கிறவர் செல்வராசுதானே? தேங்காய் சேர்க்கிறாரே, அதுவாக இருக்குமா?

நியாயமான கேள்வி. பாதி உண்மையோடு ஓடிவந்தவனைத் திருப்பி அனுப்பத் தெரிய வேண்டும், அதனால்தான் அவர் முதலாளி. திரும்பிப் போய்ச் சாம்பார், கூட்டு, குருமா என்று பிரித்தேன். ஒன்றும் தேறவில்லை. தேங்காய் உள்ளதும் மேலே, இல்லாததும் மேலே. லாரிவாரியாகப் பிரித்தேன், விடுதிவாரியாகப் பிரித்தேன். எல்லாம் ஒரே கலவை. ஒரு கட்டத்தில் என் திரையில் இருந்த நிறங்களைப் பார்த்தால் தீபாவளிக்கு முந்தின வாரம் விளக்கு ஜோடித்த சிராங்கூன் ரோடு மாதிரி இருந்தது. இப்படி ஆனால் கையை எடுத்துவிட வேண்டும். நான் எடுத்துவிட்டு, கீழே கூடத்துக்குப் போய்ச் சும்மா நின்றேன்.

மதிய நேரம், கூடம் காலி. பொட்டலம் கட்டுகிற நீள மேசையைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். நான் முதன்முதலில் வேலை பார்த்த மேசை அது. தகடு மாற்றியிருக்கிறார்கள், இடம் அதேதான்.

அந்த மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. இப்போது சேர்ந்த நீங்கள்கூட முதல் நாளே கேட்டிருப்பீர்கள். அசைவம் மேசைக்கு வரும் முன் சைவத்தைக் கட்டி முடித்துவிட வேண்டும். ஜமீலா மேடத்தின் அத்தா, அதாவது பெரிய முதலாளி, போட்ட சட்டம். நான் பொட்டலம் கட்டிய காலத்தில் புதிதாக வந்த ஒருத்தன் அவசரத்தில் கோழித் தட்டை மேசை ஓரத்தில் வைத்துவிட்டான். சைவப் பொட்டலங்கள் மேல் ஒரு சொட்டும் படவில்லை. பெரிய முதலாளி அத்தனையையும் ஒதுக்கி வைக்கச் சொல்லி, மறுபடி உலை வைக்கச் சொன்னார். யாரையும் திட்டவில்லை. "சாப்பிடுறவன் இங்கே வந்து நின்னு பார்க்கப் போறதில்லை. அவனுக்குப் பதிலா நாமதான் பார்க்கணும்" என்றார். தொழுகை தவறாத மனுஷர், தான் கறி சாப்பிடுகிறவர், கோயிலுக்கு விரதம் இருக்கிற எவனோ ஒருத்தனுக்காக அப்படிச் செய்தார். நான் இந்த இடத்தை விட்டு வேறு எங்கும் வேலைக்குப் போகாததற்கு அந்த நாள்தான் காரணம்.

அந்த மேசையைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. சைவம் முதலில் என்றால், சைவம்தான் ரொம்ப நேரம் காத்திருக்கிறது.

மேலே போய் ஒவ்வொரு புள்ளிக்கும் கட்டிய நேரத்தை வைத்து நிறம் கொடுத்தேன். முன்நேரம் சிவப்பு, நடுநேரம் மஞ்சள், பின்நேரம் பச்சை. மேலே இருந்த கூட்டம் முழுக்கச் சிவப்பு. இருந்தாலும் உடனே துள்ளவில்லை. சைவம் எப்போதுமே முதலில் கட்டுவதுதானே, அப்படியானால் குற்றம் சைவத்திலா நேரத்திலா என்று எப்படித் தெரியும்? இரண்டும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. பிரித்துக்காட்ட ஏதாவது வேண்டும். சைவக் கட்டத்தின் அடியில் தேடினேன். அங்கே கொஞ்சம் பச்சைப் புள்ளிகள் இருந்தன. நல்ல பேட்ச்சுகள். காய்கறி லாரி தாமதமாக வந்த நாட்கள் அவை. சைவம் தயாராக நேரமானதால் அன்றைக்கு அசைவத்தை அதன் வழக்கமான நேரத்திலேயே கட்டிவிட்டு, மேசையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கடைசியில் சைவத்தைக் கட்டியிருக்கிறார்கள். அதே குழம்பு, அதே கை. ஒன்றும் புளிக்கவில்லை.

முன்பெல்லாம் சைவம் கேட்டவர்கள் கொஞ்சம் பேர். இப்போது செவ்வாய் வெள்ளியில் பாதி விடுதி சைவம், புரட்டாசி வந்தால் கேட்கவே வேண்டாம். அளவு கூடக் கூட, முன்னதாகவே ஆரம்பித்து, சூடு ஆறுவதற்குள் மூடி, கூடையில் அடுக்கி, அசைவம் முடிகிற வரைக்கும் அப்படியே வைத்திருக்கிறோம். யாரும் தப்புச் செய்யவில்லை. எல்லாரும் ஒரு நல்ல மனுஷரின் பேச்சைத் தட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இப்போது படம் கையில் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக் கூட்டம் முன்னால் இருக்கிறது. உங்களில் பலர் நேராகக் கூட்டத்தில் திரையில் போட்டிருப்பீர்கள், கைதட்டும் கிடைத்திருக்கும். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் படம் வெளியாள் முன்னால் என்ன சொல்லும்? உன் அப்பா போட்ட சட்டம்தான் சோற்றைக் கெடுக்கிறது என்று ஒரு மகளிடம் சொல்லும். அவர் மறுத்துப் பேசுவார், யாராக இருந்தாலும் பேசுவார்கள், மறுத்த வேகத்தில் செல்வராசு போய்விடுவான். படம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அதை யார் முதலில் பார்க்க வேண்டும் என்று ஒன்று இருக்கிறது.

வியாழக்கிழமை மதியம் அவர் அறைக்கதவை மூடிவிட்டுக் காட்டினேன். வெளியாள் இருந்தால்தான் மேடம் என்பேன். சின்னப் பெண்ணாக என் லாரியின் முன் சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவர், தனியாக இருக்கும்போது அவர் எனக்கு ஜமீலாம்மாதான். நான் சட்டத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. சிவப்பு எது, பச்சை எது என்று மட்டும் சொன்னேன். சைவக் கட்டத்தின் அடியில் இருந்த பச்சைப் புள்ளிகளைக் காட்டி, அன்றைக்குக் காய்கறி லாரி லேட்டு என்றேன்.

அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. சுவரில் மாட்டியிருக்கிற அத்தா படத்தை ஒரு தடவை பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அத்தா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க, அங்கிள்?"

"எனக்கு எப்படிம்மா தெரியும். ஆனா அன்னிக்கு ஒரு சொட்டுகூடப் படாத சாப்பாட்டை ஒதுக்கி வைக்கச் சொன்னவர் அவர். புளிச்ச சாப்பாடு போகுதுன்னு தெரிஞ்சா விட்டிருக்க மாட்டார்."

அவர் மறுபடியும் திரைப் பக்கம் திரும்பினார். பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அவங்க சொன்னது மேசையைப் பத்தி. மணியைப் பத்தி இல்லை."

நான் அத்தனை நாளாகச் சுற்றிச் சுற்றி வந்ததை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். உடனே போனை எடுத்து, கூடத்தின் மறுகோடியில் சைவத்துக்கென்று தனி மேசை, தனிக் கரண்டி, தனிக் கூடை, நடுவில் தடுப்பு என்று சொல்லிக்கொண்டே போனார். அந்த மேசைக்கு எந்த நேரத்திலும் அசைவம் வராது. அதனால் முதலில் கட்ட வேண்டும் என்ற அவசியமும் இல்லை. லாரி கிளம்புவதற்கு முன்னால் கடைசியாகக் கட்டினால் போதும். இன்றைக்கு நீங்கள் பார்க்கிறீர்களே இரண்டாவது மேசை, அது அப்படி வந்ததுதான்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். மேடமே எழுந்து படத்தைக் காட்டினார். என்னைப் பேச விட்டிருந்தால் இன்னும் நன்றாகப் பேசியிருப்பேன், அது வேறு விஷயம். அதிகாரி போனில் குறித்து வைத்திருந்த பெயரைப் பார்த்து, அப்படியானால் இவர் என்று ஆரம்பித்தார். அந்தப் பெயரை அழித்துவிடலாம் என்றார் மேடம். புது மேசையை வைத்துச் சில வாரம் பார்க்கலாம் என்று அதிகாரி ஒத்துக்கொண்டார். அந்த வாரங்களில் வந்த புள்ளிகளைப் போட்டுப் பார்த்தேன். சைவக் கட்டமும் அசைவக் கட்டமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. ஒப்பந்தம் நின்றது. மாதக் கடைசிக்கு முன்னால் செல்வராசுவின் பெர்மிட்டும் புதுப்பித்து வந்துவிட்டது. அந்தச் சிவப்புப் பெட்டியில் இப்போது காய்ந்த மிளகாய் வைத்திருக்கிறான்.

கூட்டத்துக்குப் போட்ட அந்தக் கடைசிப் படத்தில் நான் ஒரு வேலை செய்திருந்தேன். சமையல்காரர் என்ற பிரிவையே எடுத்துவிட்டேன். சைவம், அசைவம், கட்டிய நேரம், அவ்வளவுதான். சொல்ல வேண்டியதற்கு உதவாத ஒரு பிரிவைப் படத்தில் விட்டுவைத்தால், பார்க்கிறவர் கண் அங்கேதான் போகும், அங்கே ஓர் ஆளைத் தேடும். சேர்ப்பதை யாரும் கற்றுக்கொள்ளலாம். எடுப்பதற்குத்தான் துணிச்சல் வேண்டும். இதை அந்தக் கண்ணாடி வாத்தியார் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன்.

மேடம் அதைப் பெரிதாக அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, புது மேசைக்கு மேலே ஒட்டச் சொன்னார். நான் ஏணியில் ஏறி ஒட்டிக்கொண்டிருந்தபோது செல்வராசு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கீழே நின்றான். தன்னை ஊருக்கு அனுப்பப் பார்த்த படத்தின் உறவுக்காரன் இது என்று அவனுக்குத் தெரியும். சிவப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பச்சையைப் பார்த்தான். ஓரத்தில் இருந்த குறிப்பை எழுத்துக் கூட்டிப் படித்தான். பிறகு மறுபடியும் முதலிலிருந்து தேடினான்.

"அண்ணே, இதுல நான் எங்கே இருக்கேன்?"

"நீ இதுல இல்லடா."

"நல்லா இருக்கு அண்ணே படம்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனான்.